காத்திருப்புக்கு என்ன கூலி?

2017 டிசம்பர் 14, அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லாய் யாங் நிலக்கரி மின்நிலையத்தின் ஓர் அலகு திடீரென நின்றுபோனது. 560 மெகாவாட் இல்லாமல்போக, நாட்டின் கிழக்கு, தெற்கு மாநிலங்களை ஒன்றாகப் பிணைத்திருக்கும் மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து 49.80க்கு இறங்கியது. அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தெற்கு ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ்டவுன் அருகே இயங்கத் தொடங்கி இரண்டே வாரமாகியிருந்த ஹார்ன்ஸ்டேல் பேட்டரி நிலையம், அந்த இறக்கத்தை உணர்ந்து உடனே மின்சாரத்தை உள்ளே தள்ளியது. ஒப்பந்தப்படி முன்வர வேண்டிய குவீன்ஸ்லாந்தின் கிளாட்ஸ்டன் நிலக்கரி நிலையம் அதற்குப் பிறகுதான் கைகொடுத்தது. பத்திரிகைகள் பேட்டரியைக் கொண்டாடித் தீர்த்தன. ஆனால் அன்று அது கொடுத்தது வெறும் 7.3 மெகாவாட். அளவை வைத்துப் பார்த்தால் பேசவே தகுதியில்லாத உதவி. வேகத்தை வைத்துப் பார்த்தால் அதுவரை எந்த அனல்மின் நிலையமும் காட்டாத திறமை. அந்த வேகத்துக்கு ஆஸ்திரேலிய மின்சந்தையின் விதிப்புத்தகத்தில் அன்று தனி விலை கிடையாது. அங்கே விற்கப்பட்ட அவசரச் சேவைகளில் மிக விரைவானது ஆறு நொடிக்குள் உதவுவது. ஒரு நொடிக்குள் உதவுவதற்கென்று தனிச்சந்தை திறந்தது 2023 அக்டோபரில்.

கருவி செய்துகாட்டிவிட்ட வேலைக்கு விதி காசு கொடுக்கத் தொடங்க ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். மின்சேமிப்பு பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் லித்தியத்தின் விலை, பேட்டரியின் ஆயுள், சீனாவின் உற்பத்தி என்றே பேசுகிறார்கள். அவை முக்கியமானவைதாம். ஆனால் ஒரு பேட்டரி நிலையம் பிழைக்குமா, பிழைத்தால் யாருக்குப் பயன்படும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, அதன் வேலையை எந்தத் தராசில் நிறுக்கிறோம் என்கிற ஒழுங்குமுறைதான். பேட்டரி மின் உற்பத்தி நிலையமா, நுகர்வோரா, மின்தடத்தின் ஓர் உறுப்பா என்ற விவாதத்தில் பல நாடுகள் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டன. அந்த விவாதத்தைவிட அவசரமானவை இரண்டு காரியங்கள்: அது செய்கிற வேலையை அந்த வேலையின் கால அளவிலேயே அளந்து கூலி கொடுப்பது, கூலி வாங்கியவர் வேலையைச் செய்தாரா என்று சோதிப்பது. இதற்குச் சான்று தேட தெற்கு ஆஸ்திரேலியாவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நல்ல விதி, கெட்ட விதி, விதியே இல்லாத நிலை என மூன்றையும் ஒரே பேட்டரி அங்கே கண்டிருக்கிறது.

அந்தப் பேட்டரி பிறந்ததே ஒரு பேரிருட்டில். 2016 செப்டம்பர் 28 அன்று வீசிய சூறாவளிக் காற்றில் உயரழுத்த மின்கோபுரங்கள் இருபதுக்கும் மேற்பட்டவை சாய்ந்தன. மின்னழுத்தம் அடுத்தடுத்து அதிர்ந்ததும் சில காற்றாலைப் பண்ணைகள், அவற்றுக்குள் வைக்கப்பட்டிருந்த பாதுகாப்பு அமைப்பின்படி உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. அந்தக் குறையை நிரப்ப விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்புத் தடத்தில் சுமை கூடி, அதுவும் அறுந்தது. சுமார் 17 லட்சம் மக்கள் வாழும் மாநிலம் முழுவதும் இருண்டது. காற்றாலையைக் குறைசொல்லி ஓர் அணி, நிலக்கரியைக் குறைசொல்லி இன்னோர் அணி என அரசியல் சூடேறிக் கிடந்தபோது, 2017 மார்ச்சில் டெஸ்லாவின் ஈலான் மஸ்க், ஆஸ்திரேலியத் தொழிலதிபர் மைக் கேனன்-புரூக்ஸின் கேள்விக்கு ட்விட்டரில் பதில் சொன்னார்: ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து நூறு நாளில் கட்டித் தருகிறேன், இல்லாவிட்டால் இலவசம். சொன்ன கெடுவுக்குள் கட்டியும் கொடுத்தார். 100 மெகாவாட் திறன், 129 மெகாவாட்-மணி கொள்ளளவு. அன்றைக்கு உலகின் மிகப் பெரிய லித்தியம் பேட்டரி நிலையம். உரிமையாளர் பிரான்சின் நியோவென் நிறுவனம்.

உலகம் பார்த்தது அந்தப் பந்தயத்தை. அதைவிடக் கவனிக்க வேண்டியது மாநில அரசு எழுதிய ஒப்பந்தம். 100 மெகாவாட்டில் 70 மெகாவாட் திறன் அரசின் பாதுகாப்புத் தேவைக்கென்று ஒதுக்கப்பட்டது. மாநிலத்தின் மின்தொகுப்பு தடுமாறினால் சில நிமிடங்களுக்குத் தாங்கிப்பிடிக்க வேண்டும், அவ்வளவே. அதற்குச் சிறு பங்கு ஆற்றல் போதும். மீதி 30 மெகாவாட் திறனையும் கொள்ளளவில் பெரும்பகுதியையும் நியோவென் சந்தையில் வாங்கி விற்கலாம். பாதுகாப்புக்காக அரசு ஆண்டுக்குச் சில மில்லியன் டாலர் தரும். ஒரே இயந்திரம், அதில் ஒரு பகுதிக்குக் காத்திருக்கும் வேலை, மறுபகுதிக்கு வியாபாரம். அரசு பேட்டரிக்குப் பெயர் சூட்டவில்லை. வேலையைப் பிரித்துக் கூலி பேசியது. மாநில அரசு ஓர் ஒப்பந்தத்தில் செய்து முடித்த இந்தப் பிரிவினையைத் தேசியச் சந்தை விதிகள் செய்து முடிக்க எடுத்துக்கொண்ட காலம் கொஞ்சமல்ல.

ஏனென்றால் தேசிய விதிகளில் அன்று பேட்டரிக்கென்று இடமே இருக்கவில்லை. மின்சாரத்தை வெளியே தருகிறவர் உற்பத்தியாளர், உள்ளே வாங்குகிறவர் வாடிக்கையாளர். இரண்டும் இரண்டு பதிவுகள், இரண்டு வகைக் கடமைகள். 5 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பேட்டரி இரண்டாகவும் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சந்தையில் விலைகூறும்போதும் தருவதற்குத் தனிச்சீட்டு, வாங்குவதற்குத் தனிச்சீட்டு. ஒரே பெட்டி ஒரே நேரத்தில் மின்சாரத்தைத் தரவும் வாங்கவும் கணினி உத்தரவிட்டுவிடாமல் இருக்க உரிமையாளர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021இல் விதியைத் திருத்தி, 2024 ஜூனிலிருந்துதான் இருதிசையிலும் இயங்கும் ஒரே அலகாகப் பதிவுசெய்யும் வசதி வந்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி மின் ஒழுங்குமுறை ஆணையம் இதையே கொஞ்சம் முன்கூட்டிச் செய்தது. 2018இல் அது பிறப்பித்த 841ஆம் ஆணை, பேட்டரியின் உடல்வாகைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் விதிகளை ஒவ்வொரு சந்தையும் எழுதியாக வேண்டும் என்றது; 100 கிலோவாட் அளவுள்ள சிறு அமைப்பும் உள்ளே வரலாம், சேமித்துத் திருப்பி விற்பதற்கு வாங்கும் மின்சாரத்துக்கு மொத்தச் சந்தை விலைதான் என்றும் சொன்னது. மாநிலங்களின் அதிகாரத்தில் தலையிடுவதாக வழக்குப் போட்டார்கள். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையின் பக்கம் நின்றது.

பதிவுமுறை எரிச்சலூட்டும் விஷயம்தான், ஆனால் ஒரு பேட்டரியை வாழவைக்கவோ சாகடிக்கவோ செய்யாது. அதைச் செய்வது விலையைக் கணக்கிடும் கால அளவு. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் எந்த நிலையம் எவ்வளவு தர வேண்டும் என்ற உத்தரவு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போகும். ஆனால் 2021 வரை பணம் பட்டுவாடாவானது அரைமணி நேரத்துக்குள் வந்த ஆறு விலைகளின் சராசரியில். ஓர் உதாரணக் கணக்கு: முதல் ஐந்து நிமிடத்தில் தட்டுப்பாடு, விலை மெகாவாட்-மணிக்கு 15,000 டாலருக்கு எகிறுகிறது. அடுத்த ஐந்து இடைவெளிகளிலும் 60 டாலர். சராசரி 2,550. நெருக்கடியான அந்த ஐந்து நிமிடத்தில் உதவிய பேட்டரிக்குக் கிடைப்பது 2,550. நெருக்கடி தீர்ந்தபின் சாவகாசமாகச் சூடேறி, 60 டாலர் மட்டுமே பெறுமான மின்சாரத்தைத் தந்த எரிவாயு நிலையத்துக்கும் அதே 2,550. உழைத்தவன் கூலியில் பெரும்பங்கு தாமதமாக வந்தவனுக்குப் போகிறது. இதோடு நிற்கவில்லை. முதல் ஐந்து நிமிடத்தில் விலை எகிறிவிட்டால், மீதி நேரத்துக்கு எல்லா நிலையங்களும் தங்கள் விலையை மைனஸுக்கு இறக்கி, எப்படியாவது உள்ளே நுழைந்து அந்தச் சராசரியில் பங்கு வாங்கப் போட்டியிடும் விநோதமும் நடந்தது. இதைத் திருத்தக் கோரி 2015இல் மனுப் போட்டது பேட்டரி நிறுவனம் எதுவுமல்ல. குவீன்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் நகரில் துத்தநாகம் சுத்திகரிக்கும் சன் மெட்டல்ஸ் ஆலை. மின்கட்டணம் செலுத்தி நொந்துபோன ஒரு பெரிய வாடிக்கையாளருக்குத்தான் சந்தையின் ஓட்டை முதலில் கண்ணில் பட்டது என்பதில் வியப்பில்லை.

எதிர்ப்பு பலமாக இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஐந்து நிமிடத்துக்குள் எங்கள் இயந்திரம் முழுவேகம் பிடிக்காது, நாங்கள் விலையுயர்வுக்கு எதிரான காப்பு ஒப்பந்தங்களை விற்பதே அரைமணிச் சராசரியை நம்பித்தான், நாங்கள் விலகிவிட்டால் அந்தக் காப்பு யாரிடமிருந்து கிடைக்கும் என்றன எரிவாயு நிலையங்கள். நாள்கணக்கில் வெயிலும் காற்றும் மங்கினால் ஒரு மணி நேரப் பேட்டரி என்ன செய்துவிடும் என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது. பேட்டரி எரிவாயு நிலையத்துக்கு முழுமாற்று என்று யாரும் சொன்னால் அது பொய். ஆனால் நீண்ட நேரம் தாங்கும் திறமைக்குக் கூலி வேண்டுமானால் அந்தத் திறமைக்கென்று கேட்டு வாங்குவதுதான் முறை; வேகமாக ஓடியவனின் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது முறையாகாது. தேசிய விதிகளை எழுதும் சந்தை ஆணையம் 2017 நவம்பரில் ஐந்து நிமிடக் கணக்குக்கே தீர்ப்பளித்தது. மீட்டர்களை மாற்றவும் பழைய ஒப்பந்தங்கள் முடியவும் அவகாசம் கொடுத்து, 2021 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பேட்டரிக்குச் சலுகை எதையும் அந்த விதி தரவில்லை. பேட்டரி என்ற பெயர்கூட அதற்குத் தேவைப்படவில்லை. தராசின் முள்ளைச் சரிசெய்தார்கள், அவ்வளவுதான்.

இனி, காத்திருக்கும் வேலை. அதிர்வெண்ணைக் கட்டுக்குள் வைக்கும் சேவைகளுக்கு ஆஸ்திரேலியாவில் தனிச்சந்தை உண்டு. தெற்கு ஆஸ்திரேலியா மற்ற மாநிலங்களிலிருந்து துண்டிக்கப்படும் அபாயம் உள்ள நேரங்களில், அந்த மாநிலத்துக்குள்ளேயே 35 மெகாவாட் ஒழுங்குபடுத்தும் திறன் தயாராக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதைத் தரக்கூடிய நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், அந்த நேரங்களில் விலை ஆயிரக்கணக்கான டாலருக்குத் தாவும். ஹார்ன்ஸ்டேல் வந்த பிறகு அந்தத் தாவல் அடங்கியது. இதனால் 2018இல் மட்டும் ஏறத்தாழ 4 கோடி ஆஸ்திரேலிய டாலர் மிச்சமானதாக ஆரெகான் என்ற பொறியியல் ஆலோசனை நிறுவனம் மதிப்பிட்டது. பேட்டரியைக் கட்ட ஆன செலவு சுமார் 9 கோடி டாலர் என்பதோடு ஒப்பிட்டால் இதன் எடை தெரியும். அதே சமயம் நாணயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2020 ஜனவரி 31 அன்று விக்டோரியாவில் மின்கோபுரங்கள் சரிந்து தெற்கு ஆஸ்திரேலியா இரண்டு வாரத்துக்கும் மேல் தனித்தீவாய் நின்றபோது, இந்தச் சேவைகளின் விலை எங்கோ போனது. பேட்டரி உரிமையாளர்கள் கொழுத்த லாபம் பார்த்தார்கள். பேரிடரில் காசு பார்ப்பதுதான் ஒழுங்குமுறையா என்று கேட்கலாம். அந்த லாபமே அடுத்த பேட்டரிகளை அழைத்து வந்தது என்பது ஒரு பதில். போட்டி கூடியதும் அந்தச் சேவைகளின் விலை சரிந்து, நிறுவனங்கள் பகலில் வாங்கி மாலையில் விற்கும் வியாபாரத்துக்கு நகர்ந்தன. ஆனால் இந்தப் பதில் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நுழையத் தடை இல்லாத இடத்தில்தான் கொழுத்த லாபம் தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும். மின்தொகுப்பில் இணைப்புக் கிடைக்கவே ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டிய இடத்தில் அது வெறும் வரிவசூல்.

கூலி கொடுத்தாயிற்று, வேலை நடந்ததா? தீயணைப்பு நிலையத்துக்குச் சம்பளம் கொடுப்பது தீ எரியாத நாட்களுக்கும் சேர்த்துத்தான். வண்டியில் தண்ணீர் இல்லை என்பது தீப்பிடித்த அன்றுதான் தெரியவரும் என்றால் அது நிர்வாகத்தின் தோல்வி. ஹார்ன்ஸ்டேல் விஷயத்தில் ஏறக்குறைய இதுதான் நடந்தது. 2019 அக்டோபரில் குவீன்ஸ்லாந்தின் கோகன் கிரீக் நிலக்கரி நிலையம் திடீரென நின்றபோது, அவசர உதவிக்குக் காத்திருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டிருந்த ஹார்ன்ஸ்டேல், சொன்ன அளவுக்கு உதவவில்லை. விசாரித்தபோது அந்த ஆண்டு ஜூலை முதல் நவம்பர் வரை அது வாக்களித்த சேவையைத் தரும் நிலையிலேயே இல்லை என்று வெளிவந்தது. ஆஸ்திரேலிய எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு வழக்குத் தொடுத்தது. கூட்டாட்சி நீதிமன்றம் 2022இல் 9 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. 2017இல் உலகம் கொண்டாடிய அதே பேட்டரி. இதை வைத்துப் பேட்டரியே மோசடி என்று வாதிடுவது அபத்தம். ஆனால் வழக்கு சொல்வது முக்கியமானது. நிலக்கரி நிலையத்தின் சுழலி கண்ணுக்குத் தெரியும் எடையோடு சுற்றுகிறது. அதிர்வெண் இறங்கினால் இயற்பியல் விதிப்படி அது உதவியே தீரும். பேட்டரியின் உதவியோ மென்பொருளில் எழுதப்பட்ட ஓர் அமைப்பு. யாரோ ஒருவர் ஓர் எண்ணை மாற்றினால் உதவி சத்தமில்லாமல் குறைந்துபோகும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எனவே பேட்டரிகள் பெருகும் மின்தொகுப்பில், விபத்து நடந்த பின் கணக்குப் பார்க்கிற ஒழுங்குமுறை போதாது. மென்பொருள் மாறும் ஒவ்வொரு முறையும் மறுசோதனை, நொடிக்குப் பலமுறை பதிவாகும் அளவீடுகளைச் சந்தை நடத்துநரிடம் ஒப்படைப்பது ஆகியவை கூலியின் நிபந்தனைகளாகவே இருக்க வேண்டும்.

யார் வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி இன்னும் சிக்கலானது. மின்தடங்களை நடத்தும் நிறுவனம் ஏகபோகம்; அதன் செலவு முழுவதும் நுகர்வோர் கட்டணத்தில் ஏறும். அதுவே பேட்டரியும் வைத்துச் சந்தையில் விற்றால், எந்தத் தடத்தில் எப்போது நெருக்கடி என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவர் சூதாடுவது போலாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் மின்சந்தை நெறிமுறையில் இதைப் பொதுவாகவே தடைசெய்தது. ஏலம் விட்டும் வேறு யாரும் முன்வராதபோது போன்ற சில சூழல்களுக்கு மட்டும் விலக்கு வைத்தது. தெற்கு ஆஸ்திரேலியா வேறு வழி கண்டது. யார்க் தீபகற்பத்தின் டால்ரிம்பிள் என்ற இடத்தில் 2018இல் வந்த 30 மெகாவாட் பேட்டரிக்கு உரிமையாளர் மின்தட நிறுவனமான எலெக்ட்ராநெட். ஆனால் சந்தையில் அதை இயக்குவது குத்தகைக்கு எடுத்த ஏஜிஎல் நிறுவனம். அந்தத் தீபகற்பத்துக்கு மின்சாரம் அறுந்தால் தாங்கும் வேலை உரிமையாளருக்கு, வாங்கி விற்கும் வேலை குத்தகைதாரருக்கு. பார்க்க நேர்த்தியாக இருக்கிறது. நேர்த்திக்குள் ஒரு சந்தேகமும் இருக்கிறது: பேட்டரியின் விலையில் எவ்வளவு பங்கு தடத்தின் கணக்கில், எவ்வளவு வியாபாரத்தின் கணக்கில் என்று பிரிப்பவர் யார்? தவறாகப் பிரித்தால் வீட்டு நுகர்வோர் கட்டணம் ஒரு வியாபாரியின் லாபத்துக்கு மானியமாகிவிடும். ஐரோப்பாவின் தடை இந்தச் சந்தேகத்திலிருந்து பிறந்ததுதான். ஆனாலும் முழுத்தடை மிகை என்றே தோன்றுகிறது. கிராமத்துக் கடைசித் தடத்தில் புதுக்கம்பி இழுப்பதைவிடச் சிறு பேட்டரி மலிவு என்றால் அதைச் செய்ய மின்தட நிறுவனத்துக்குத்தான் காரணமும் தகவலும் இருக்கின்றன. குத்தகை ஏலத்தைத் திறந்த மேசையில் நடத்த வேண்டும், அவ்வளவே.

மின்தடக் கட்டணத்திலும் இதே குழப்பம். பேட்டரி வாங்கும்போது ஒருமுறை, அதே மின்சாரத்தை வாங்கும் வீட்டுக்காரர் மறுமுறை எனத் தடத்துக்கு இரட்டை வாடகை விழுகிறது, எங்களை முற்றிலும் விலக்குங்கள் என்பது பேட்டரிக்காரர்களின் கோரிக்கை. ஆஸ்திரேலியச் சந்தை ஆணையம் 2021 திருத்தத்தில் இதற்கு இணங்கவில்லை, அது சரியான முடிவு. நண்பகலில் சூரியமின்சாரம் வழிந்தோடும்போது வாங்கும் பேட்டரி தடத்தின் சுமையைக் குறைக்கிறது. மாலை ஏழு மணிக்கு, ஏதோ ஒரு விலைக்கணக்கில், வாங்கும் பேட்டரி சுமையைக் கூட்டுகிறது. இரண்டையும் ஒரே விலக்கின் கீழ் கொண்டுவருவது, பெயரைப் பார்த்துச் சலுகை தருகிற பழைய பழக்கம்தான். நேரத்தையும் இடத்தையும் பொறுத்து மாறும் கட்டணம் இருந்தால் விலக்குக் கேட்க வேண்டிய தேவையே பெருமளவு போய்விடும்.

தீ விபத்துப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் விக்டோரியாவின் பெரிய பேட்டரி நிலையம் சோதனை ஓட்டத்திலேயே தீப்பிடித்தது. 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் ஒரு பழைய மின்நிலையக் கட்டடத்துக்குள் அடுக்கிவைத்த பேட்டரிகள் பற்றியெரிந்து, சுற்றுவட்டார மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இது சந்தை விதிகளால் தீரும் பிரச்சினை அல்ல. கட்டட விதி, இடைவெளி, தீயணைப்போரின் பயிற்சி ஆகியவற்றின் விஷயம். விலை பேசும் ஆணையம் இதையும் தன் தலையில் சுமக்க முயன்றால் இரண்டுமே கெடும்.

இந்தியாவுக்கு இந்தக் கதையை அப்படியே பெயர்த்து வந்து ஒட்ட முடியாது. நம் மின்சாரத்தில் பரிமாற்றச் சந்தைகள் வழியாக விற்பனையாவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை; மீதி பெரும்பாலும் நீண்டகால ஒப்பந்தங்கள். சந்தையிலும் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்ற உச்சவரம்பு இருக்கிறது. விலை எகிறும் ஐந்து நிமிடங்களை நம்பி இங்கே யாரும் பேட்டரி கட்ட மாட்டார்கள். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் மின்சேமிப்பு என்ற இனமே இல்லை. 2022 டிசம்பரில் வந்த விதித்திருத்தம்தான், சேமிப்பு அமைப்பு உற்பத்தியோடும் இருக்கலாம், தடத்தோடும் இருக்கலாம், பகிர்மானத்தோடும் இருக்கலாம், தனித்தும் இருக்கலாம் என்று கதவைத் திறந்தது. பெயர்ச் சண்டையில் காலம் போக்காமல் நாலு வாசலையும் ஒரே வரியில் திறந்ததற்காக அந்தத் திருத்தத்தைப் பாராட்டலாம். அதற்குமேல் இந்தியா தேர்ந்த வழி ஏலம்: ஒரு மெகாவாட்டுக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை. சேகி எனப்படும் மத்திய அரசின் சூரியசக்திக் கழகம் 2022இல் நடத்திய முதல் பெரிய ஏலத்தில் அந்த வாடகை 10.84 லட்சம் ரூபாய். 2024 முடிவதற்குள், மத்திய மானியத்தோடு, குஜராத்திலும் ராஜஸ்தானிலும் அது சுமார் 2.2 லட்சத்துக்கு இறங்கியது. இரண்டு மணி நேரப் பேட்டரியை நாளுக்கு இருமுறை நிரப்பிக் காலிசெய்தால், யூனிட்டுக்குச் சேமிப்புச் செலவு மட்டும் சுமார் 9 ரூபாயிலிருந்து 2 ரூபாய்க்கும் கீழே. நிரப்பும் மின்சாரத்தின் விலையும், போகவர ஏற்படும் இழப்பும் தனி.

மாதவாடகை முறையைச் சந்தைவாதிகள் பழிக்கிறார்கள்: பேட்டரி சும்மா கிடந்தாலும் வாடகை போகிறது, எப்போது பயன்படுத்துவது என்ற கெட்டிக்காரத்தனத்துக்குப் பரிசே இல்லை என்று. பாதி உண்மை. நொடிந்த பகிர்மான நிறுவனங்களும் ஒல்லியான சந்தையும் உள்ள நாட்டில், உறுதியான வாடகை இல்லாமல் வங்கிகள் கடன் தரா. விலை ஐந்தில் ஒரு பங்காக இறங்கியதற்கு ஏலப் போட்டியும் ஒரு காரணம். மேலும் சோதனை என்ற பகுதியில் இந்த ஒப்பந்தங்கள் ஆஸ்திரேலியாவைவிடக் கண்டிப்பானவை. சேகியின் ஒப்பந்தங்களில் மாதத்தில் 95 சதவீத நேரம் தயாராக இருக்க வேண்டும், நிரப்பியதில் 85 சதவீதம் திரும்பி வர வேண்டும், தவறினால் பிடித்தம் என்று எழுதப்பட்டிருக்கிறது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு துணைச்சேவை விதிகள் இன்னும் நுட்பமானவை. அதிர்வெண்ணைச் சீர்படுத்த மையத்திலிருந்து சில நொடிகளுக்கு ஒருமுறை வரும் உத்தரவை எவ்வளவு துல்லியமாகப் பின்பற்றினார் என்று அளந்து, 95 சதவீதத்துக்கு மேல் என்றால் யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை, துல்லியம் இறங்க இறங்கத் தொகையும் இறங்கும். வேலையை அளந்து கூலி என்பதற்கு உள்ளூரிலேயே எழுதப்பட்ட நல்ல உதாரணம். குறை வேறிடத்தில் இருக்கிறது. மாதவாடகைக்கு விடப்பட்ட பேட்டரியின் சாவி பகிர்மான நிறுவனத்தின் கையில். மாலை உச்சநேரத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு, மீதி நேரங்களில் அது செய்யக்கூடிய இந்த நுண்ணிய சேவைகளை விற்காமல் விட்டால், அரை வேலைக்கு முழு வாடகை என்றாகும். ஹார்ன்ஸ்டேல் ஒப்பந்தத்தைப் போல ஒரே பேட்டரியின் வேலைகளைப் பிரித்து எழுதுவது இங்கே இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பிரிவினை உடனடியாகத் தேவைப்படும் இடம் ஒன்றுண்டு. காற்றாலை வைத்திருக்கும் நூற்பாலைகள் பல ஆண்டுகளாக அனுபவித்துவரும் ‘பேங்கிங்’ வசதி அது. ஆடிக்காற்றில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பியில் விட்டுவிட்டு, காற்று ஓய்ந்த மாதங்களில் கணக்குப்படி திரும்ப எடுத்துக்கொள்வது. அதற்கு ஒரு பங்கை மின்சாரமாகவே வாரியம் கழித்துக்கொள்ளும். உண்மையில் எந்தப் பெட்டியிலும் எதுவும் சேமிக்கப்படவில்லை. சேமிப்பு காகிதத்தில் இருக்கிறது; அதன் செலவு, காற்று அடிக்கும்போது அனல்மின் நிலையத்தை இறக்குவதிலும், காற்று நின்றபின் விலைகொடுத்து வெளியே வாங்குவதிலும் வாரியத்தின் தலையில் விழுகிறது. ஆலைகள் அந்தக் கழிவு அநியாயம் என்றும் வாரியம் அது போதவே போதாது என்றும் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் பலமுறை மோதியிருக்கின்றன. கழிவும் ஏறிக்கொண்டே வந்தது. 2018க்குப் பின் வந்த காற்றாலைகளுக்கு ஆண்டு முழுதும் வைத்திருக்கும் பழைய வசதி நின்றது. இரு தரப்பும் ஊகத்தை வைத்தே வாதாடின, ஏனென்றால் சேமிப்பின் உண்மை விலை என்னவென்று காட்ட அப்போது எந்த ஏலமும் இல்லை. ஆனைமலையில் 400 மெகாவாட் கடம்பாறை நீரேற்று நிலையம் எண்பதுகளிலிருந்து இருந்தாலும், அது என்றோ கட்டி முடித்த செலவு. புதிய விலைக்கு அளவுகோல் ஆகாது.

இப்போது அளவுகோல் ஒன்று கிடைத்திருக்கிறது, ஆனால் பாதி வேலைக்குத்தான். நள்ளிரவுக் காற்றை மறுநாள் மாலைக்கு எடுத்துச்செல்வது பேட்டரியும் கடம்பாறையும் செய்யக்கூடிய வேலை. அதன் விலையை ஏலம் சொல்லிவிட்டது, அந்தக் கழிவை அதை ஒட்டி நிர்ணயிக்கலாம். ஜூலைக் காற்றை ஜனவரிக்கு எடுத்துச்செல்வது வேறு வேலை. ஆண்டுக்கு ஒரே முறை நிரம்பிக் காலியாகும் பேட்டரியின் மேல் அந்தச் செலவை ஏற்றினால் யூனிட்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கும் மேல் வரும். எந்த ஆலையும் தராது, எந்த ஆணையமும் கேட்கவும் முடியாது. இரண்டையும் பேங்கிங் என்ற ஒரே சொல்லில் கட்டி, ஒரே சதவீதத்தில் கழிக்கும்வரை ஆலைகள் ஒன்றில் அதிகம் கொடுத்து இன்னொன்றில் மிகக் குறைவாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். எதில் எவ்வளவு என்பதும் யாருக்கும் தெரியாது. நாள்கணக்குக்கு ஒரு விலை, பருவக்கணக்குக்கு வேறு விலை என்று ஆணையம் பிரித்து எழுதினால், முதலில் எதிர்ப்பது அநேகமாக ஆலைகளாகவும் இருக்கும், வாரியமாகவும் இருக்கும்.